1968 கமாரோ: உடன் வந்த 327-ஆ, எல்எஸ் எஞ்சினா?

பழைய கமாரோவில் உடன் வந்த எஞ்சினையே வைத்துக்கொள்வதா, ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால வி8 (எட்டு சிலிண்டர்) வரிசையான எல்எஸ்ஸுக்கு மாறுவதா என்பதுதான் கேள்வி. என்னுடைய 1968 செவர்லே கமாரோவில் எஞ்சினை மாற்றவில்லை. உடன் வந்த 327 கன அங்குல வி8-ஐயே பிரித்துச் சீர்செய்துகொண்டேன். எனவே நான் எந்தப் பக்கம் என்பது வெளிப்படை.

ஓட்டச் சுகம் எல்எஸ்தான். 1997 கார்வெட்டில் வந்த எல்எஸ்1-க்கு 345 குதிரைத்திறன். என் 327-க்குச் சொன்ன 210-கூட அந்தக் காலத்துத் தாராளக் கணக்கு. முழு சைலன்சர் மாட்டாமல் அளந்தது. எல்எஸ்ஸில் கார்புரேட்டரோடு மல்லுக்கட்டும் வேலையும் இல்லை. ஆனால் எல்எஸ் போட்ட கமாரோவை நண்பரிடம் வாங்கி ஊருக்குள் ஓட்டியதோடு சரி, பல வருடப் பராமரிப்பு எப்படி என்று அனுபவத்தில் சொல்ல முடியாது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது அத்தாட்சி. அந்த வருடக் கமாரோவின் விஐஎன் (வாகன அடையாள எண்), 123 என்று தொடங்கினால் ஆறு சிலிண்டர், 124 என்றால் வி8. எந்த வி8 என்று சொல்லாது. ஃபோர்டின் 1965 மஸ்டாங்கிலோ, விஐஎன்னின் ஐந்தாவது எழுத்து 'கே' என்றால் 271 குதிரைத்திறன் கொண்ட 289 கன அங்குல எஞ்சின் என்று எஞ்சின் போன பிறகும் தெரியும். கமாரோவில் பழைய ஆவணங்கள் இல்லாவிட்டால் எஞ்சினின் முக்கிய உடலான பிளாக்தான் ஆதாரம். பயணி பக்க ஹெட்டுக்கு (சிலிண்டர்களின் மேல்மூடி) முன்னால் உள்ள சின்னத் தட்டைப் பரப்பில் எஞ்சின் குறியீடும், பெரும்பாலும் காரின் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். அது விஐஎன்னோடு பொருந்துவதைத்தான் 'மேட்சிங் நம்பர்ஸ்' என்கிறார்கள். பிளாக் ஒருமுறை கைமாறிப் போனால் தேடிப் பிடிப்பது குதிரைக்கொம்பு. பட்டறையில் பிளாக்கின் மேல்பரப்பை இழைத்தாலும் அந்த எழுத்துகள் அழிந்துவிடும். அதனால் வேலைக்குக் கொடுக்கும் முன்பே அந்த இடத்தைப் படமெடுத்து, அங்கே கைவைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.

என்னுடையது 7,199 மட்டுமே தயாரான அந்த வருடத்து இசட்/28 என்ற பந்தய ரகக் கமாரோ அல்ல, சாதாரண 327. இந்த ரகத்தில் நன்றாகச் செய்த எல்எஸ் கார் இன்று என்னுடையதைவிட நல்ல விலைக்கே போகும். ஆனால் மாற்று எஞ்சினுக்கு வயதாகும். எல்எஸ்ஸுக்கு அடுத்த தலைமுறை 2014 கார்வெட்டிலேயே வந்துவிட்டது. இருபது வருடம் கழித்து வாங்குபவர் 1990களின் வயரிங்கை விரும்புவாரா? எனக்குச் சந்தேகம்தான். 1968-இன் எஞ்சினுக்கு அந்தக் கவலை இல்லை.

அசல் பிளாக் ஏற்கெனவே போயிருந்தால் தாராளமாக எல்எஸ் போடலாம், இழக்க அதிகமில்லை. இருக்கும்போதே மாற்றுகிறவர்கள் பிளாக்கை எண்ணெய் தடவி மூடி வையுங்கள். கியர்பாக்ஸுக்காகத் தரைத் தகட்டை மட்டும் வெட்டாதீர்கள்.