பழைய ஹைலக்ஸுக்கு புது அயிட்டம் மாட்டப் போறவங்க, சாவிய குடுக்குறதுக்கு முன்னாடி இத படிங்க

கடை பேரு கேக்காதீங்க, கேஸ் போட்டிருக்கேன். பேராக்ல, சுங்கை சிப்புட் பக்கம்னு மட்டும் வச்சுக்கங்க.

அப்பாவோட டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், எல்என்106, 1994 மாடல், 2.8 டீசல். செம்பனை கொல ஏத்தி ஏத்தி பாடி ஆடிப்போச்சு, இஞ்சின் மட்டும் இன்னும் கல்லு மாதிரி. அவரு வேலைய விட்டதும் இத அழகா பண்ணிக் குடுக்கணும்னு எனக்கு ஆச, பவர் விண்டோ, சென்ட்ரல் லாக், ஆண்ட்ராய்டு பிளேயர், ரிவர்ஸ் கேமரா, அப்புறம் தோட்டத்துக்குள்ள ராத்திரி போக ஒரு எல்இடி பார் (ரோட்ல போட்டா ஜேபிஜே, அதான் சாலைப் போக்குவரத்து இலாகா, சம்மன் தான், அது தெரியும்). ஒர்க்‌ஷாப்காரரு நம்மாளு, "தம்பி சாவிய வச்சுட்டு போங்க, மூணு வாரத்துல புது காடி"ன்னாரு. 8,500 வெள்ளி பேசி 5,000 அன்னிக்கே குடுத்தேன். ரிசிட் கேட்டா காலண்டர் தாள கிழிச்சு பின்னாடி எழுதிக் குடுக்குறாரு, அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

மூணு வாரம் அஞ்சு மாசமாச்சு. ஹாஃப்கட் மோட்டார் (வெட்டுன பழைய காடிலேர்ந்து எடுக்குறது) இன்னும் வரல, வயர்மேன் லீவு, தைப்பூசம் முடியட்டும் அண்ணன் பாத்துக்குறேன், இப்படியே ஓட்டுனாரு. கடைசில வண்டி வந்துச்சு, எல்லாமே வேல செஞ்சுச்சு, அப்பா சின்னப்பிள்ள மாதிரி கண்ணாடிய ஏத்தி எறக்கிட்டே இருந்தாரு, மீதி 3,500ஐயும் குடுத்துட்டேன்.

பத்து நாள் இருக்கும், லாசா ரோட்லேர்ந்து தோட்டத்துக்குள்ள திரும்பி லைட் பார தட்டுறேன், பிளாஸ்டிக் கருகுற நாத்தம், ஸ்க்ரீன் அணைஞ்சுது, டேஷ்போர்டுக்கு அடியிலேர்ந்து பொக. எறங்கி ஓடி பேட்டரி டெர்மினல கழட்டுனதால வண்டி தப்பிச்சுது. அப்பா பக்கத்து சீட்ல இருந்தாரு.

கோலகங்சார்ல ஒரு சீன அங்கள், ஆட்டோ எலக்ட்ரிக்ல பழம் தின்னு கொட்ட போட்டவரு. டேஷ திறந்து பாத்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் ஒவ்வொண்ணா காட்டுனாரு. லைட் பார், விண்டோ மோட்டார், பிளேயர் எல்லாத்துக்கும் இக்னிஷன் சுவிட்ச்லேர்ந்து ஒரே ஒரு மெல்லிசு வயரு, ஸ்பீக்கருக்கு போடுற மாதிரி. ரிலே, அதான் பெரிய கரண்ட தாங்குற தனி சுவிட்ச், ஒண்ணு கூட கெடையாது. லைட் பார் மட்டுமே 120 வாட், 12 வோல்ட்ல அது ஒண்ணே 10 ஆம்பியர் இழுக்கும், அதோட கண்ணாடி ரப்பர்ல சிக்கிச்சுன்னா மோட்டார் இன்னும் கூட இழுக்கும். 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போயிருக்கும் போல, நம்மாளு 30 போட்டு வச்சிருக்காரு! ஃபியூஸ் இருக்குறதே வயர காப்பாத்ததான், இங்க ஃபியூஸ் போறதுக்கு முன்னாடி வயரு உருகிருச்சு. எர்த்து வயர இரும்புல சேராம பெயிண்ட் மேலயே ஸ்குரூ பண்ணிருக்கு. ஒரிஜினல் வயரிங்க வெட்டி முறுக்கி கறுப்பு டேப் சுத்திருக்கு, அதான் எனக்கு இன்னும் வயிறு எரியுது, அந்த வயரிங் முப்பது வருஷமா ஒரு தொந்தரவும் குடுக்காதது.

சரி பண்ண இன்னொரு 2,300 வெள்ளி. பேட்டரிலேர்ந்து தனி மெயின் வயர், ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபியூஸ், ரிலே. விண்டோ மோட்டார் ரெண்டும் போச்சு, அத பெறகு பாக்கலாம்னு விட்டுட்டேன். பழைய கடைக்காரரு போன்ல, "நீங்க ஓவரா யூஸ் பண்ணிட்டீங்க தம்பி"ன்னாரு. லைட்ட ஓவரா எப்படிண்ணே யூஸ் பண்றதுன்னு கேட்டேன், அதுலேர்ந்து போன எடுக்கல.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல போட்டாச்சு. கட்டணம் 5 வெள்ளி தான், வக்கீல் வேணாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், நடந்து 3 வருஷத்துக்குள்ள போடணும். காலண்டர் தாளு, வாட்ஸ்அப் மெசேஜ், கருகுன வயரு எல்லாத்தையும் கட்டி வச்சிருக்கேன். இன்னும் கூப்பிடல.

இப்போதைக்கு கண்ணாடிய கையால சுத்தி தான் எறக்குறோம். கழட்டிப் போட்ட பழைய வைண்டர அப்பா அன்னிக்கே கடையிலேர்ந்து எடுத்துட்டு வந்து பிஸ்கட் டின்ல வச்சிருந்திருக்காரு, எனக்கு தெரியவே தெரியாது.