ஆம்ப் மீட்டர் சூடாகுதா? போடி எலக்ட்ரீசியன் கடை, என் அனுபவம்

நம்மகிட்ட இருக்கது பழைய ஜீப் மாடல் பிக்கப், டீசல், அப்பா காலத்து வண்டி. போடியில உரமூட்டை ஏத்தி போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏலத்தோட்டத்துல இறக்கிட்டு, வரும்போது ஏலக்கா மூட்டையோட இறங்குறது, இதான் அதோட பொழப்பு. ரெண்டு மாசமா டேஷ்போர்டுல, பேட்டரிக்கு கரண்ட் ஏறுதா இறங்குதான்னு காட்டுற ஆம்ப் மீட்டர் முள்ளு பேய் பிடிச்ச மாதிரி ஆடிக்கிட்டு இருந்துச்சு, ஹெட்லைட் போட்டா மைனஸ் பக்கம் போயி அப்படியே ஒட்டிக்கும், அப்புறம் லைட்டே மினுக்கு மினுக்குனு ஆரம்பிச்சிருச்சு. ஒருநாள் ராத்திரி இறங்கும்போது டேஷ்போர்டு பின்னாடி கருகுற வாடை, கையை விட்டுப் பாத்தா மீட்டர் பின்பக்கம் கொதிக்குது.

மீட்டர்தான கெட்டுப்போச்சு, கழட்டிப் போட்டா சரியாப் போச்சுன்னு நானே ஸ்பேனர எடுத்தேன். பேட்டரியில இருந்து பாடிக்குப் போற எர்த் வயரக் கழட்டணும்னுகூட தோணல. ஸ்பேனர் பாடியில பட்டு படார்னு ஒரு பொறி, பாதி உசுரு அங்கயே போச்சு. அதுக்கப்புறம் எர்த்தக் கழட்டிட்டு, மீட்டர்ல இருந்த ரெண்டு வயரையும் எடுத்து தனித்தனியா டேப் அடிச்சு விட்டேன். சாவியத் திருப்புனா செல்ஃப் அடிக்கல, லைட் இல்ல, ஹாரன் இல்ல. வண்டி பொணமாட்டம் நிக்குது. முதல்ல கூப்பிட்டுக் காட்டுன ஒருத்தரு முழு வயரிங்கும் மாத்தணும், எட்டாயிரம் ஆகும்னுட்டாரு.

அப்புறம்தான் பக்கத்து தோட்டத்து டிரைவர் சொல்லி, பஸ் ஸ்டாண்டுல இருந்து கொஞ்சம் தள்ளி இருக்க இந்த சின்ன எலக்ட்ரீசியன் கடையில இருந்து அண்ணன வரச் சொன்னேன். காலையில பத்து மணிக்கு வர்றேன்னு சொன்னவரு ஒன்றரை மணிக்குத்தான் வந்தாப்ல, அதுக்கே ஒரு ஸ்டார் குறைக்கணும், குறைச்சிட்டேன். ஆனா நான் டேப் அடிச்சு விட்டிருந்த வயரைப் பாத்துட்டு சிரிச்சாப்ல பாருங்க, "தண்ணி மீட்டரக் கழட்டிட்டு பைப்ப அறுந்தாப்புல விட்டா வீட்டுக்குத் தண்ணி எப்புடிண்ணே வரும்"னு. எனக்கு அப்பதான் மண்டையில ஏறுச்சு. டீசல் மீட்டர், சூடு காட்டுற மீட்டர் எல்லாம் ஓரமா நின்னு வேடிக்கை பாக்குற ஆளுக, வயரக் கழட்டுனா முள்ளு மட்டும்தான் சாகும். ஆம்ப் மீட்டர் அப்படி இல்ல. செல்ஃப் மோட்டாருக்குப் போற தடி வயர் தவிர வண்டியோட மொத்த கரண்ட்டும், இஞ்சின் ஓடும்போது கரண்ட் எடுக்குற டைனமோவுல இருந்து பேட்டரிக்கு ஏறுற சார்ஜும் அதுக்குள்ள பூந்துதான் போகணும். அதக் கழட்டுனா ரெண்டு வயரையும் ஒண்ணா சேத்தே ஆகணும். சேக்காம விட்டுட்டு எப்படியாச்சும் தள்ளி ஸ்டார்ட் பண்ணி ஓட்டியிருந்தா, பேட்டரி இல்லாம டைனமோ டயோடு அடிச்சுப் போயிருக்கும்னாப்ல.

சூடானதுக்கு காரணத்துல நம்ம செஞ்ச வேலையும் இருக்கு. மலைப்பாதை குலுங்கலுல மீட்டர் பின்னாடி இருக்க நட்டு லூஸாயிருச்சு, லூஸ் காண்டாக்ட் இருந்தா அங்க சூடு ஏறும். போதாக்குறைக்கு மூடுபனியில தெரியலன்னு நான் 100 வாட்ஸ் பல்பு மாட்டி வச்சிருந்தேன். 60 வாட்ஸ் ரெண்டு எரிஞ்சா 10 ஆம்பியர், 100 ரெண்டு எரிஞ்சா 16க்கு மேல, பாட்டுப்பொட்டி வேற தனி. அந்தச் சின்ன போல்ட்டு பாவம் என்ன பண்ணும்.

வேலை சுத்தம். மொதல்ல பேட்டரி எர்த்தக் கழட்டி வச்சாப்ல. கருகுன வயர் முனைய நல்ல செம்பு தெரியுற வரைக்கும் வெட்டி, வயர் முனையில மாட்டுற வளையம், அதான் லக்கு, புதுசா அடிச்சு, ரெண்டு லக்கையும் ஒரே போல்ட்டுல ஸ்ப்ரிங் வாஷரோட இறுக்கி, மேல ஸ்லீவ் மாட்டி சூடு காட்டி சுருக்கி, பாடியில படாம கட்டி விட்டாப்ல. வெறும் டேப் அடிச்சு விட்டா டேஷ்போர்டு சூட்டுல பிசின் இளகி பிரிஞ்சு வந்துரும்னு வேற சொன்னாப்ல. ஒரு சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டரையும் பியூஸ் போட்டு சாவி லைன்ல மாட்டி விட்டாப்ல. எல்லாம் சேத்து 650 ரூவா. எட்டாயிரம் எங்க 650 எங்க.

மாட்டி ஒரு மாசம் ஆச்சு. காலையில சாவி போட்டா 12.5 வோல்ட் காட்டும், வண்டி ஓடும்போது 14 கிட்ட நிக்கும், லைட்டப் போட்டு மலை ஏறுனாலும் 13.8க்கு கீழ வரல. ஓடும்போதே 12க்கு இறங்குனா டைனமோவப் பாருங்கன்னு சொல்லி வச்சிருக்காப்ல. ஆடுற முள்ளப் பாத்து குழம்புறதுக்கு இந்த நம்பர் எவ்வளவோ தேவல. குறைன்னா அந்த நீல வெளிச்சம், ராத்திரி வளைவுல கண்ணக் கூசுது, மேல ஒரு துண்டு கருப்பு டேப் ஒட்டியிருக்கேன்.

டீசல் மீட்டரையும் காட்டுனேன். டேங்க் மேல இருந்த வயரக் கழட்டி பாடியில வச்சாப்ல, முள்ளு சட்டுனு ஒரு கோடிக்கு ஓடுச்சு. மீட்டர் நல்லாத்தான் இருக்கு, டேங்குக்குள்ள மிதவைதான் போச்சு, அது நம்ம வேலை இல்லண்ணேன்னு கையக் கழுவிட்டாப்ல. பொய் சொல்லி மீட்டர் விக்காம விட்டதே பெருசு, ஆனா நான் இன்னும் டேங்குல குச்சி விட்டுத்தான் டீசல் பாக்குறேன்.

பழைய ஆம்ப் மீட்டர ஓட்டை தெரியக் கூடாதுன்னு அதே இடத்துலயே சும்மா விட்டாச்சு, முள்ளு ஆடாம அசையாம நடுவுல நிக்குது. அப்பா எப்ப வண்டியில ஏறுனாலும் அதத்தான் பாக்குறாரு, "சார்ஜே ஏறலயேடா"ங்கிறாரு.