விமானச் சத்தம் உள்ளே வராது என்றார்கள், 1,86,000 ரூபாய் போய்விட்டது

நேற்று இரவு ஒரு மணிக்கு அப்பா மறுபடியும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தலைமாட்டில் இருக்கும் புது ஜன்னல் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. இரட்டைக் கண்ணாடி, விமானச் சத்தம் உள்ளே வராது என்று சொன்னதை நம்பி, மூன்று வாரத்துக்கு முன்பு 1,86,000 ரூபாய் கொடுத்து மாட்டிய நான்கு ஜன்னல்களில் அது ஒன்று. முன்பு இருந்த மர ஜன்னல்கூட இப்படி ஆடியதில்லை.

வீடு பொழிச்சலூரில். சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதைக்கு மேற்கே இருக்கிறோம். விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது எழும்பிய வேகத்தில் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே போகும். வாடை தொடங்கினால் எங்கள் பக்கமிருந்து வந்து இறங்கும். ஆக, எங்களுக்கு ஓய்வே கிடையாது. வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டித்தான் வந்து போகின்றன. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல் என்கிறது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஆண்டுக்கு 50,000 முறைக்கு மேல் விமானங்கள் வந்துபோகும் நிலையங்களைச் சுற்றி மட்டும் 2018இல் அதை 65 ஆக்கிவிட்டார்கள். எங்கள் காதுகள் தனி ரகம் போலிருக்கிறது.

அப்பாவுக்குப் போன வருடம் பைபாஸ் ஆனது. தூக்கம் கெடக்கூடாது என்றார் டாக்டர். அதனால்தான் வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் தேடினேன். பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் போட்ட ஒருவர் கிடைத்தார்.

அவர் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். முன்பக்கத்தில் குட்டி ஜன்னல். செல்போனில் அலாரத்தை அலறவிட்டு உள்ளே வைத்துச் சாத்தினார், சத்தம் அடங்கியது. திறந்தார், அலறியது. "நீங்களே சாத்திப் பாருங்கள் ஐயா" என்று அப்பாவிடம் கொடுத்தார். அப்பா சின்னப் பிள்ளை மாதிரி நான்கு முறை திறந்து திறந்து மூடினார், முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன். செல்போனின் கீச்சுச் சத்தத்தை எந்தக் கண்ணாடியும் அடக்கிவிடும், விமான எஞ்சினின் அடித்தொண்டை உறுமல் அப்படி லேசில் அடங்காது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

"செயலி வழியாகக் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள் அக்கா, நேராகப் போடுங்கள்." போட்டேன். "பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி மிச்சம் அக்கா." சரி என்றேன். முன்பணம் 1,30,000, மாட்டிய அன்று 56,000. அந்த 56,000 கைக்குப் போன நிமிடம் 'அக்கா' போய் 'மேடம்' வந்துவிட்டது.

முதல் இரவே சத்தம் குறையவில்லை. கேட்டால், ரப்பர் பிடிக்கப் பத்து நாள் ஆகும் மேடம். பத்து நாள் கழித்து, ஐப்பசியில் காற்று மாறினால் குறைந்துவிடும் மேடம். காற்று மாறுவதற்கு நான் எதற்கு 1,86,000 ரூபாய் கொடுக்க வேண்டும்? அடுத்த முறை, சத்தம் கூரை வழியாக வருகிறது, ஃபால்ஸ் சீலிங் போட்டுவிடலாம், 90,000தான் என்றார். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. செயலிக்காரர்களோ, பணம் எங்கள் வழியாக வரவில்லையே என்று கைகூப்பும் படத்தோடு ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள்.

கண்ணாடி வேலை தெரிந்த பக்கத்து வீட்டு அண்ணன்தான் காட்டிக்கொடுத்தார். மூடிய ஜன்னலின் ஓரத்தில் ஊதுபத்தியைப் பிடித்தார். சட்டம் தண்டவாளத்தில் ஓடும் இடத்தில் புகை வளைந்து ஆடியது. காற்று நுழைகிற சந்தில் சத்தமும் நுழையும் என்றார். பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் தீக்குச்சியைக் கொளுத்திக் கண்ணாடிக்கு நேரே காட்டினார். ஒரு கண்ணாடியின் இரண்டு பக்கத்திலும் சுடர் ஒவ்வொன்றாகத் தெரியும், அதனால் இரட்டைக் கண்ணாடி என்றால் சுடர் இரண்டு ஜோடியாகத் தெரிய வேண்டுமாம். ஹாலில் தெரிந்தது. படுக்கையறை ஜன்னல்கள் மூன்றிலும் ஒரே ஜோடிதான். ஓரத்தில் அலுமினியப் பட்டை ஒட்டி இரட்டை மாதிரி காட்டியிருக்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். செயலிக்கு வெளியே பணம் போடாதீர்கள். முதலில் ஒரே ஒரு ஜன்னலை மாட்டச் சொல்லி, ஒரு இரவு படுத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள். ஓடும் ஜன்னல் வேண்டாம், இறுக்கிச் சாத்தும் கதவு வைத்தது கேளுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

மாட்டிவிட்டுப் போன அவசரத்தில் அந்த மரப்பெட்டியை இங்கேயே மறந்துவிட்டார்கள். அதன் முன்னும் தீக்குச்சியைக் காட்டிப் பார்த்தோம். அதில் இரண்டு ஜோடியும் அழகாகத் தெரிகிறது.