டீமில் பெயர் வராதவர்களுக்கு ஒரு பந்து: மிக்காசா வி200டபிள்யூ

காலேஜ் வாலிபால் டீமில் இருந்து பெயர் எடுக்கப்பட்டால் வலிக்கத்தான் செய்யும். இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தாலும் தப்பில்லை. மூன்றாம் நாள் கோச்சிடம் போய், "எதில் குறை சார்?" என்று கேட்டுவிட வேண்டும். பதில் 'ரிசீவ்', அதாவது எதிரணியின் சர்வீஸை முன்கையால் எடுப்பது என்றால் இந்தப் பந்து கைகொடுக்கும்.

18 துண்டுகள் சேர்ந்த மேலுறை, 260 முதல் 280 கிராம் எடை. மேலுறையில் சிறு குழிகள் இருப்பதால் வியர்த்த கையிலும் நல்ல பிடிமானம். கவனிக்க வேண்டியது காற்றழுத்தம்: 4.3 முதல் 4.6 பிஎஸ்ஐ. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக் காற்றடித்தால் பெரும்பாலும் கூடிப்போகும். முன்கை சிவந்து, பந்து தெறித்து ஓடும், பழி கையின் மேல் விழும். ஊசியை நனைத்த பிறகே செருகுங்கள். உலர்ந்த ஊசி வால்வு ரப்பரைக் கிழித்துவிடும், பிறகு தினமும் காற்று இறங்கும்.

சுவர்ப் பயிற்சிக்கு இது வேண்டாம். சொரசொரப்பான பூச்சு மேலுறையை உரித்துவிடும். மலிவான ரப்பர் பந்து போதும். சுவரில் வலையின் உயரமான 2.43 மீட்டரில் சாக்பீஸ் கோடு, பெண்களுக்கு 2.24. மூன்று மீட்டர் தள்ளி நின்று, கோட்டுக்கு மேலே 50 பாஸ், மூன்று சுற்று.

சொத்தவிளை கடற்கரை மணலுக்கும் கொண்டுபோகாதீர்கள், பீச் வாலிபால் பந்தே வேறு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. நனைந்தால் துணியால் துடைத்து நிழலில் வையுங்கள்.

விலை அதிகம்தான். டீமில் இடம் கிடைக்காத மூன்று பேர் சேர்ந்து வாங்கினால் பாரமும் குறையும், எதிரே நின்று சர்வீஸ் போட ஆளும் கிடைக்கும்.