முதுகுப்பையா ட்ராலியா, காட்டனா கம்பளியா, ஓட்டமா மலையா: ஒரு பாரபட்சமான அலசல்

உடை, பயணம், உடம்பை அசைக்கிற பொழுதுபோக்கு, இந்த மூன்றிலும் எனக்கு என்ன பிடிக்கும் என்று தனித்தனியாகச் சொல்ல வராது. ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் கூடவே வரும். மலை ஏறப் பிடிக்கும், அதனால் முதுகுப்பை, அதில் இடம் குறைவு என்பதால் ராத்திரி துவைத்துக் காலையில் போட்டுக்கொள்கிற துணி. மாலில் சுற்றுவதுதான் பயணம் என்றால் இதில் பாதி உங்களுக்கு உதவாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் துணியை முடிவு செய்வதே அதுதான். ட்ராலி பெட்டிக்கு ஆதரவாகப் பேச நிறைய இருக்கிறது: தோள் வலிக்காது, துணி கசங்காது, தேடுகிற பொருள் திறந்ததும் கண்ணில் படும். தரை வழவழப்பாக இருக்கும்வரை அதுதான் ராஜா. படிக்கட்டு, சரளைக்கல், மணல் என்று வந்ததும் சக்கரத்தை நம்பி வந்தவள் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

முதுகுப்பை ஒத்துவராது என்று சொல்லும் பெண்களில் பலர் தங்கள் அளவுக்குப் பொருந்தாத பையைத்தான் சுமந்திருப்பார்கள் என்பது என் கட்சி. எத்தனை லிட்டர் என்று மட்டும் பார்த்து வாங்குகிறோம், முதுகின் நீளத்தைப் பார்ப்பதில்லை. தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் துருத்துகிற எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேராக இருக்கும் இடம்வரை டேப் வைத்து அளந்தால் வருவதுதான் உங்கள் நீளம். பெண்களுக்கென்று தைக்கும் பைகளில் இந்த நீளம் பொதுவாகக் குறைவாக இருக்கும், தோள்பட்டிகள் மார்பை அழுத்தாமல் வளைந்து போகும். மாட்டும்போது முதலில் இடுப்புப்பட்டியை எலும்பின்மேல் உட்காரவைத்து இறுக்க வேண்டும், வயிற்றின்மேல் அல்ல, அதற்குப் பிறகுதான் தோள்பட்டி. இப்படிச் செய்தால் எடையில் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்கிவிடும். தோளில் மட்டும் தொங்கவிட்டுவிட்டுப் பையைத் திட்டுவது நியாயமே இல்லை.

குறைவான சாமானோடு பெண்கள் பயணம் போவது ஏதோ இன்றைய மோகம் என்று நினைப்பவர்களுக்கு நெல்லி பிளையை நினைவூட்டலாம். அந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் 1889 நவம்பரில் ஒரே ஒரு கைப்பையோடு கிளம்பி 72 நாளில் உலகத்தைச் சுற்றி வந்தார். அந்தப் பையில் அதிகத் தொல்லை கொடுத்தது முகத்துக்குப் பூசுகிற கோல்ட் கிரீம் ஜாடிதான் என்று அவரே எழுதியிருக்கிறார். நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் பையில் இடத்தை அடைப்பது அதே சமாச்சாரம்தான்.

சரி, துணிக்கு வருவோம். காட்டன் வியர்வையை வாங்கிப் பிடித்துவைத்துக்கொள்ளும், வெயிலில் அது சுகம், ஏனென்றால் அந்த ஈரம் ஆவியாகும்போது உடம்பு குளிர்கிறது. அதே குணம் குளிர்க்காற்று அடிக்கும் உயரத்தில் எதிரி, நனைந்த காட்டன் சட்டை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாலியெஸ்டர் நூல் ஈரத்தைக் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம், அதனால் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் தோலின் எண்ணெய்ப்பசையை விடாமல் பிடித்துக்கொள்ளும், துவைத்த சட்டைகூட உடம்புச் சூடு பட்டதும் பழைய நாற்றத்தைக் கிளப்புவது இதனால்தான். லினன் அழகு, காற்றோட்டம், கசங்கல். அவ்வளவுதான்.

என் ஓட்டு மெரினோ என்ற ஆட்டு இனத்தின் கம்பளிக்கு. கம்பளி என்றதும் அரிப்பு என்று ஓட வேண்டாம், இதன் இழையின் விட்டம் பெரும்பாலும் 20 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அவ்வளவு மெல்லியது, தோலைக் குத்தாமல் வளைந்துகொடுக்கும். ஈரப்பதத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்வதால் சொதசொதப்பு தெரிவதில்லை, நாற்றமும் எளிதில் வராது. விலை அதிகம், பூச்சி அரிக்கும், பைப்பட்டி உரசுகிற இடத்தில் சீக்கிரம் ஓட்டை விழும், மறைக்கவில்லை. துவைத்ததும் முறுக்கிப் பிழியாமல் காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, அதன்மேல் ஏறி நின்று மிதியுங்கள். தண்ணீரெல்லாம் துண்டுக்குப் போய்விடும். விடிந்த பிறகு தையல் மடிப்பில் மட்டும் லேசான ஈரம் இருக்கலாம், போட்டுக்கொண்டு நடந்தால் அதுவும் போய்விடும்.

பேன்ட்டா பாவாடையா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை, பாக்கெட்டில் போன் முழுசாக இறங்குகிறதா என்பது ஒன்றுதான் கேள்வி.

அப்புறம் ஓட்டம், நீச்சல், மலை. ஓட்டத்துக்கு நேரம் குறைவு, துணை தேவையில்லை, கதவைத் திறந்தால் தொடங்கிவிடலாம். எலும்புக்கும் நல்லது, ஏனென்றால் தரையில் அடி விழும் பயிற்சி எலும்பை உறுதியாக்கும், அந்த வேலையை நீச்சல் அவ்வளவாகச் செய்யாது. அதே அடிதான் முட்டிக்குக் கவலை. மார்புக்கும் தாங்கல் வேண்டும், இதை ஆண்கள் எழுதும் ஓட்டக் குறிப்புகளில் பார்க்கவே முடியாது. முதல் ஸ்போர்ட்ஸ் பிரா 1977இல் அமெரிக்காவில், ஆண்கள் விளையாட்டில் அணியும் ஜாக்ஸ்ட்ராப் என்ற தாங்கு உள்ளாடைகள் இரண்டைச் சேர்த்துத் தைத்துத்தான் உருவானது. இன்று இரண்டு வகை: மொத்தமாக அழுத்திப் பிடிப்பது, தனித்தனிக் கிண்ணமாகத் தாங்குவது. சிறிய அளவுக்கு முதல் வகை போதும், பெரிய அளவோடு ஓடுகிறவர்கள் இரண்டாவதையோ இரண்டும் கலந்ததையோ எடுப்பது நல்லது.

நீச்சலில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றாலே உடல் எடையில் பத்தில் ஒரு பங்குதான் காலுக்கு வரும், மூட்டு வலிக்காரர்களுக்கு இதைவிடச் சொர்க்கம் கிடையாது. ஆனால் துணிக்கு இழுவை தரும் எலாஸ்டேன் நூலைக் குளோரின் தின்றுவிடும், நீச்சலுடை பின்பக்கம் தொளதொளவென்று தொங்க ஆரம்பிக்கும். அடிக்கடி நீந்துபவர்கள் லேபிளில் பிபிடி (இதுவும் ஒரு பாலியெஸ்டர் வகைதான்) அல்லது பாலியெஸ்டர் என்று இருப்பதைத் தேடி எடுக்கலாம். அத்தனை நெளிவு இருக்காது, ஆனால் நாள்பட உழைக்கும்.

எனக்கு மலைதான். மெதுவாகப் போகலாம், நின்று மூச்சு வாங்கலாம், பேசிக்கொண்டே ஏறலாம், மூச்சு திணறுகிற இடத்தில் பேச்சு தானாக நின்றுவிடும். ஏறுவதில் நெஞ்சுக்கு வேலை, இறங்குவதில் தொடைக்கும் முட்டிக்கும். பலர் ஏற்றத்துக்குப் பயந்துவிட்டு இறக்கத்தில்தான் அடி வாங்குகிறார்கள். அதனால் கைக்கோல் ஒரு ஜோடி வேண்டும்: சமதரையில் முழங்கை செங்கோணத்தில் மடங்குகிற நீளம், இறங்கும்போது கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம். ஒரே வில்லங்கம், பல விமான நிலையங்களில் கோலைக் கைப்பையோடு உள்ளே விடமாட்டார்கள், அதை மட்டும் செக்-இன்னில் போட்டாக வேண்டும்.