கிராம சபையா, திங்கட்கிழமை மனுவா?

நீலகிரியில் பந்தலூர், கூடலூர் பக்கம் இருப்பவர் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்க ஊட்டிக்குப் போவதென்றால் நடுவட்டம் வழியாக மலையேற வேண்டும். அன்றைய கூலி போயிற்று. கிராம சபை அப்படியில்லை; ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நம் ஊரிலேயே கூடுகிறது. மார்ச் 22, நவம்பர் 1 பின்னால் சேர்ந்தவை.

தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, நூறு நாள் வேலை என்றால் கிராம சபைதான் சரி. 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். கேள்வி கேட்கத் தலைவரே இல்லாதபோது இந்தக் கூட்டம் இன்னும் முக்கியம். தீர்மானப் பதிவேட்டில் நம் கோரிக்கை எழுதியிருக்கிறதா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடவே கூடாது.

பட்டா, யானைச் சேத இழப்பீடு எல்லாம் ஊராட்சி கையில் இல்லை. பட்டா வருவாய்த் துறை வேலை, இழப்பீடு வனத்துறை வேலை; அங்கே நடக்காவிட்டால் ஆட்சியரிடம் போக வேண்டும். மனு எண் உள்ள ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கூடலூர் பக்கத்துப் ‘பிரிவு 17’ நிலங்களின் உரிமைச் சிக்கல் மட்டும் இரண்டிலும் தீராது. பழைய ஜென்மி நில உரிமையை ஒழித்த 1969 கூடலூர் ஜென்ம நிலச் சட்டத்திலிருந்து இழுக்கும் விவகாரம், சட்டமன்றத்தில் பேசப்பட வேண்டியது.

என்னைக் கேட்டால் முதலில் கிராம சபை. அப்புறம் அந்தத் தீர்மான நகலை இணைத்துத் திங்கட்கிழமை மனு.