கிரிட்டாவில் ஸ்டீம் அட்டைப்படம்: ஓவியத்துக்குக் காணும், எழுத்துக்குக் காணாது

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கொழும்பில் இருந்து ஒரு கேம் ஏற்றுவதென்றால் முதல் செலவே 100 டொலர். ஸ்டீம் டிரெக்ட் கட்டணம் அது; கேமின் வருமானம் 1000 டொலரைத் தொட்ட பிறகுதான் திரும்பி வரும். அதற்கு மேல் போட்டோஷொப்புக்கும் மாதாமாதம் டொலரில் சந்தா கட்டுவது, வேலை முடிந்து வந்து இரவில் கேம் செய்கிற இரண்டு மூன்று பேருக்குத் தாங்காது. அதனால்தான் இங்கே பலர் கிரிட்டா பக்கம் போகிறார்கள். படம் வரையும் மென்பொருள் அது; இலவசம், திறந்த மூலம், கேடிஈ என்ற திறந்த மூலச் சமூகத்தின் ஆக்கம். விண்டோஸ், லினக்ஸ், மெக் மூன்றிலும் ஓடும். ஒரு ஸ்ட்ரட்டஜி கேமின் கடை அட்டைப்படத்தை இதை மட்டும் வைத்து முடிக்கலாமா என்றால், முடிக்க முடியாது. ஓவியம் வடிவாக வரும். பெயரை எழுத வேறொரு மென்பொருள் வேண்டும். இங்கே சொல்வது கிரிட்டாவின் 5.2 பதிப்பு வரிசையைப் பற்றி.

முதலில் ஸ்டீம் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். கடையின் பல இடங்களில் காட்டும் அட்டைப்படத்தை அது கப்சியூல் என்கிறது. பக்கத் தலைப்புப் படம் 920×430 பிக்சல், சிறிய கப்சியூல் 462×174, பிரதான கப்சியூல் 1232×706, நெடுக்குக் கப்சியூல் 748×896, வாங்கிய கேம்களின் பட்டியலான நூலகத்தில் வரும் நூலகக் கப்சியூல் 600×900, அங்கே கேம் பக்கத்தின் மேலே வரும் அகன்ற படமான நூலக ஹீரோ 3840×1240. ஒன்று உயரத்தைப் போல மூன்று மடங்கு அகலம், இன்னொன்று அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு உயரம். ஒரே ஓவியத்தை வரைந்துவிட்டு ஆறாக வெட்டலாம் என்று தொடங்குகிற இடத்திலேயே பாதிப் பேர் பிழை விடுகிறார்கள். பின்னணி, நடுப்பகுதி, முன்னால் நிற்கும் முக்கிய உருவம், பெயர் என்று நான்கையும் தனித்தனி லேயர் குழுவாக வைத்தால்தான் ஒவ்வொரு அளவுக்கும் நகர்த்தி அடுக்கலாம்.

எல்லாவற்றிலும் முதலில் செய்ய வேண்டியது 462×174. பட்டியல்களில் ஸ்டீம் அதையே 184×69 ஆகவும் 120×45 ஆகவும் சுருக்கிக் காட்டுகிறது. 120×45 என்பது திரையில் ஒரு நகம் அளவு. அந்த இடத்தில் ஓவியம் பேசாது, பெயர்ப்பலகைதான் பேசும். கொழும்பின் காலி வீதியில் (Galle Road) வருகிற பஸ்ஸின் முகப்பில் மூன்று மொழியிலும் ஊர்ப்பெயர் இருக்கும். தூரத்தில் நிற்பவர் பார்ப்பது 100 என்ற வழித்தட எண்ணை மட்டும். சிறிய கப்சியூலை அப்படித்தான் நினைக்க வேண்டும்: பெயர் ஏறக்குறைய முழு இடத்தையும் நிரப்ப வேண்டும், பின்னால் ஒரு நிறமும் ஓர் உருவத்தின் விளிம்பும் இருந்தால் காணும்.

தமிழில் பெயர் வைத்தால் இது இன்னும் கடினம். ஓர் உதாரணத்துக்கு, துறைமுகத்தை நடத்துகிற ஒரு கேம், பெயர் 'துறைமுகம்' என்று வைத்துக்கொள்வோம். 'து'வும் 'மு'வும் கோட்டுக்குக் கீழே இறங்குகின்றன, கடைசி 'ம்' புள்ளியை மேலே தூக்குகிறது, 'றை' தனக்கு முன்னால் ஓர் இரட்டைச் சுழியைக் கொண்டுவந்து அகலத்தைத் தின்கிறது. 45 பிக்சல் உயரத்தில் மேலும் கீழும் இவற்றுக்கு இடம் விட்டால் எழுத்தின் உடலுக்கு மிஞ்சுவது பாதியளவுதான். 462இல் இருந்து 120க்குப் போகும்போது எல்லாம் 3.85 மடங்கு சுருங்கும். 4 பிக்சல் தடிப்புள்ள கோடு ஒரு பிக்சலாகி மங்கும். புள்ளி குறைந்தது 12 பிக்சல் விட்டம் இருந்தால்தான் அங்கே 3 பிக்சலாவது நிற்கும். நின்றால் 'ம்', இல்லாவிட்டால் 'ம'. ஒரு கேமின் பெயர் அப்படிப் பிழையாக வாசிக்கப்படுவது சின்ன விஷயம் இல்லை. ஸ்டீமின் இடைமுக மொழிகளில் தமிழ் இல்லை என்பதால், அங்கே பெரும்பாலானோர் பார்க்கப்போவது ஆங்கில எழுத்துப் பெயரைத்தான். இரண்டு எழுத்தையும் சிறிய கப்சியூலில் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினால் இரண்டுமே வாசிக்க முடியாமல் போகும். சிறியதில் ஒன்றை மட்டும் வையுங்கள்.

இந்த வேலையைக் கிரிட்டாவில் செய்யப் போனால்தான் கை வலிக்கும். எழுத்துக் கருவி தனி ஜன்னல் ஒன்றில் திறக்கிறது. தட்டச்சு செய்து, சேமித்து, கன்வஸில் பார்த்து, மறுபடி திறக்க வேண்டும். பெயரைக் கோட்டு வடிவங்களை வரையும் மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் செய்யுங்கள், அதுவும் இலவசம். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், பலூ தம்பி 2 ஆகிய எழுத்துருக்கள் எல்லாம் திறந்த உரிமத்தில் தடித்த வடிவங்களோடு கிடைக்கின்றன. யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் பழகிய கைகள் இங்கே அதிகம். படமாக மாற்றுவதால் குறியேற்றம் தடையில்லை, ஆனால் விற்பனைக்கு வருகிற பொருளில் உரிமம் தெரியாத எழுத்துருவைப் போட வேண்டாம். எழுத்தைப் பாதைகளாக, அதாவது திருத்தக்கூடிய கோட்டு வடிவங்களாக, மாற்றியதும் சுழியை எழுத்தோடு நெருக்கலாம், புள்ளியைப் பெருப்பிக்கலாம், வெளிக்கோடு போடலாம். பிறகு பின்னணி இல்லாத பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்ய வேண்டும்.

கிரிட்டாவின் உண்மையான பலம் அதன் பிறகு தெரிகிறது. அந்த பிஎன்ஜியை ஹீரோ தவிர்ந்த ஐந்து பைலிலும் 'பைல் லேயர்' ஆக இணைத்தால், இன்க்ஸ்கேப்பில் பெயரைத் திருத்தி மறுபடி ஏற்றுமதி செய்தவுடன் ஐந்திலும் மாறிவிடும். ஒரே பைலில் பல அளவுப் படங்களை வைக்கிற ஆர்ட்போர்ட் வசதி கிரிட்டாவில் இல்லாத குறையை இது ஓரளவு ஈடுசெய்கிறது, ஓரளவுதான். ஆறு பைலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வது அலுப்பு. 'நியூ வியூ' கொடுத்து அதே படத்தை இன்னொரு ஜன்னலில் சின்னதாக வைத்துக்கொண்டு வரையலாம்; தூரிகை படும்போதே சிறிய தோற்றமும் மாறும். மேலே ஒரு பில்டர் லேயரில் நிறத்தை நீக்கும் 'டீசாச்சுரேட்' வைத்து, அதைக் காட்டியும் மறைத்தும் பார்த்தால் வெளிச்சமும் இருட்டும் பிரிந்து நிற்கின்றனவா என்பது ஒரு நொடியில் தெரியும். ஆனால் சுருங்கிய ஜன்னலை மட்டும் நம்பக்கூடாது. பிரதி ஒன்று எடுத்து, லேயர்களை ஒன்றாக்கி, உண்மையாகவே 120×45க்குச் சுருக்கிப் பாருங்கள். அதைச் சிவப்பு 27, பச்சை 40, நீலம் 56 என்ற கடும் நீலத்தின் மேல் வைக்க வேண்டும். ஸ்டீம் கடையின் பின்னணி அந்தச் சாயல். விளிம்பில் இருட்டாக இருக்கிற கப்சியூல் அதற்குள் கரைந்துபோகும்.

ஸ்ட்ரட்டஜி கேம் செய்கிறவர்கள் அறுகோண வரைபடத்தையும் நாற்பது படையணிகளையும் அப்படியே அட்டையில் போட ஆசைப்படுவார்கள். கேமுக்குள் அது அழகு; கப்சியூலில் அது மணல். எதை ஆளப்போகிறோம் என்பது ஓர் உருவத்தில் தெரிய வேண்டும்: முன்னால் ஒரு பாரந்தூக்கியின் கறுப்பு நிழல், அதன் கீழே உயரத்தில் இருந்து பார்க்கிற துறைமுகம், அதற்கப்பால் வெளிச்சமான கடல். மூன்று தொனி. மேலிருந்து பார்க்கிற அந்தக் கோணம்தான் இது ஸ்ட்ரட்டஜி என்று சொல்லும். பின்னணியில் கொழும்பு தெரிய வேண்டுமென்று புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலை வைத்தால், அதன் சிவப்பு வெள்ளைப் பட்டைகளை உள்ளபடி வரையக்கூடாது. சுருங்கும்போது பட்டைகள் கலந்து வெறும் இளஞ்சிவப்பாகிவிடும். மூன்று நான்கு தடித்த பட்டைகளாகக் குறைத்தால் சின்ன அளவிலும் பள்ளிவாசல் பள்ளிவாசலாகவே தெரியும்.

நினைவகம் பற்றிப் பயப்பட வேண்டாம். ஹீரோ அளவில் 8 பிட் லேயர் ஒன்று முழுக்க நிரம்பினால் ஏறக்குறைய 19 மெகாபைட். வெற்றிடத்துக்குக் கிரிட்டா இடம் பிடிக்காது. 8 ஜிபி மடிக்கணினியில் நாற்பது லேயர் தாராளமாகப் போகும். யுனிட்டி பிளாசா பக்கம் பேனாப் பலகை வாங்கப் போகிறவர்களுக்குத் திரையில்லாத சின்னப் பலகையே காணும். விண்டோஸில் பேனா அழுத்தத்தை உணரவில்லை என்றால் பலகையைத் திருப்பிக் கொடுக்க முன், கிரிட்டாவின் அமைப்புகளில் விண்டோஸ் இங்க், வின்டாப் என்ற இரண்டு பேனா இணைப்பு முறைகளையும் மாற்றிப் பாருங்கள். அநேகமாக அதுதான் பிரச்சினை.

ஏற்றுமதியில் இரண்டு பிழை அடிக்கடி வரும். 16 பிட்டில் அல்லது வேறு நிறவெளியில் வரைந்தவர்கள் திரைக்கு வழமையான எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றும் தெரிவை மறந்தால், கடையில் நிறம் வேறு மாதிரித் தெரியலாம். ஹீரோவின் மேல் ஸ்டீம் தனியாக வைக்கும் பெயர்ப் படமான நூலக லோகோவுக்கு, பின்னணியை வெறுமையாக விடும் அல்பா தெரிவு விடுபட்டால், ஹீரோ படத்தின் மேல் பெயர் ஒரு பெட்டிக்குள் நிற்கும். ஹீரோவில் எழுத்தே இருக்கக்கூடாது. நடுவில் 860×380 பகுதிக்குள் முக்கியமானதை வைக்க வேண்டும், ஓரங்கள் வெட்டுப்படும். 2022 செப்டம்பரில் இருந்து கப்சியூல்களில் கேமின் பெயர், அதன் துணைத்தலைப்பு தவிர வேறு எழுத்து போட முடியாது. விருது, விமர்சன மதிப்பெண், தள்ளுபடி எதுவும் ஏற்கப்படாது.

ஓவியத்தை வெளியில் ஒருவரிடம் கொடுத்துச் செய்விப்பவர்கள், லேயர் பிரித்த, கிரிட்டாவின் கேஆர்ஏ பைல் தருவாரா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். தட்டையான பிஎன்ஜி மட்டும் வந்தால் 748×896 படத்தை மறுபடி வரைவிக்க வேண்டி வரும். இன்க்ஸ்கேப்பில் திருத்தக்கூடிய, பெயரின் எஸ்விஜி பைல் கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.